டெல்மர் தாண்டிய கோடு

"மார்னி, இறங்காதே! நான் குறுக்க வந்துட்டேன், என் தப்புதான். மேல போயிடு, மேல போயிடு!"

ஒலிபெருக்கியில் டெல்மரின் குரல் அலறியதும், பான்கேக் சுட்டுக்கொண்டிருந்த கஸ் கரண்டியைப் போட்டுவிட்டு ஜன்னலுக்கு ஓடினார்.

நெப்ராஸ்காவின் அந்தச் சின்ன விமானத்திடலுக்கு அவர்தான் மேனேஜர். சனிக்கிழமை காலை என்றால் நாற்பது பேர் பான்கேக் தின்ன வந்துவிடுவார்கள். விமானிகள் ரேடியோவில் பேசுவதெல்லாம் சாப்பாட்டுக் கூடத்து ஒலிபெருக்கியில் கேட்கும். யார் எப்படி இறங்குகிறார்கள் என்று குறை சொல்லாவிட்டால் இவர்களுக்குத் தின்றது செரிக்காது.

அன்று எல்லார் வாயிலும் மார்னிதான். பத்தொன்பது வருஷம் ஓட்டிய பழைய விமானத்தை விற்றுவிட்டு வேகமான ஒன்றை வாங்கியிருந்தாள். பழையதில் சக்கரம் எப்போதும் கீழேயே தொங்கும். இதில் பறக்கும்போது வயிற்றுக்குள் மடங்கிக்கொள்ளும். அதில் அவள் தனியாகப் பறக்கும் முதல் நாள் அது.

ஜன்னலில் வெயில் கண்ணைக் குத்தியது. ஓடுபாதையின் அந்தக் கோடியில், நிற்க வேண்டிய கோட்டைத் தாண்டி டெல்மரின் விமானம் மூக்கை நீட்டிக்கொண்டு நின்றது. அதற்கு மேலே மார்னியின் சிவப்பு விமானம் உறுமிக்கொண்டு மறுபடி ஏறியது.

"பாவி! ஒரு உசுரைக் கொன்னுருப்பானே!" என்று கத்தினார் கஸ்.

"வயித்தெரிச்சல்தான், வேறென்ன?" என்றாள் கஸ்ஸின் மனைவி ஆர்டித். "அந்த விமானத்துக்கு அவனும்தானே விலை பேசினான்? இவ முந்திக்கிட்டா. வாரம் பூரா அவளைக் கிண்டல் பண்ணிக்கிட்டே திரிஞ்சான்."

மார்னி ஒரு சுற்று சுற்றி வந்து அலுங்காமல் இறங்கும்வரை கஸ் ஜன்னலை விட்டு நகரவில்லை.

"அப்பாடா!" என்று நாற்காலியில் சரிந்தார். பயம் போனதும் கோபம் வந்தது.

இரண்டாவது முறை கோட்டைத் தாண்டினால் விமானம் நிறுத்தும் கொட்டகை பறிபோகும். கஸ்ஸே எழுதிய சட்டம். டெல்மர் போன வருஷம் ஒரு தடவை தாண்டியவன். சுற்றி அறுபது மைலுக்கு வேறு கொட்டகை கிடையாது. வெளியே நிறுத்தினால் முதல் ஆலங்கட்டி மழையிலேயே விமானம் நாசம்.

டெல்மர் உள்ளே வந்தான்.

"யோவ், கண்ணாடியை மாத்துய்யா!" என்று யாரோ கத்த, கூடமே சிரித்தது. அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

கஸ் அவனை ஆபீஸ் அறைக்குள் இழுத்துப் போய்க் கதவைச் சாத்தினார்.

"அவ்வளவு பெரிய சிவப்பு விமானம் கண்ணுக்குத் தெரியலையா?"

"கவனிக்கல. என் தப்புதான்."

"கொட்டகைச் சாவியை வை."

ஒரு வார்த்தைக்கு ஒன்பது வார்த்தை பேசுகிறவன், சத்தமே இல்லாமல் சாவியை மேஜையில் வைத்தான். கொட்டகையைக் காலி செய்யச் சொல்லும் நோட்டீஸை கஸ் எழுத ஆரம்பித்தார்.

கதவைத் திறந்துகொண்டு மார்னி வந்தாள். முகம் வெளுத்திருந்தது. கதவைச் சாத்திவிட்டு அதிலேயே சாய்ந்துகொண்டாள்.

"வாம்மா! நீயே இவனை நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேளு."

"கஸ், இறங்க வந்துட்டு மறுபடி மேல ஏறினா என்ன பண்ணுவோம்?"

"எஞ்சினுக்கு முழு வேகம் கொடுப்போம். அப்புறம் சக்கரத்தை மடக்குவோம். அதுக்கென்ன இப்ப?"

"மடக்கலாம்னு கைப்பிடியைத் தொட்டேன். சக்கரம் ஏற்கனவே மடங்கித்தான் இருந்துச்சு."

கஸ்ஸின் பேனா நின்றது.

"நான் இறக்கவே இல்ல, கஸ். சக்கரம் இறங்கலைன்னு எச்சரிக்கைச் சத்தம் கேட்டிருக்கும். இவன் கிண்டலையே நினைச்சுக்கிட்டு வந்தேனா, எதுவும் காதுல ஏறல. இவன் மட்டும் தடுக்கலைன்னா வயித்தால தேய்ச்சுக்கிட்டு..."

"இவளை யாரு இதையெல்லாம் சொல்லச் சொன்னது?" என்று முணுமுணுத்தான் டெல்மர்.

"அட முட்டாளே!" என்றார் கஸ். "'சக்கரம்'னு ரேடியோல ஒரு வார்த்தை சொல்லியிருந்தா முடிஞ்சிருக்குமே! எதுக்குய்யா கோட்டைத் தாண்டி வந்து பழியைத் தலையில போட்டுக்கிட்ட?"

"வெளிய நாப்பது பேரு காதைத் தீட்டிக்கிட்டு உக்காந்திருக்கானுங்க. அந்த ஒரு வார்த்தை போதாதா? சாகறவரைக்கும் சொல்லிக் காட்டுவானுங்க. அப்புறம் இவ இந்தப் பக்கம் பறக்க வருவாளா? என்னைத் திட்டுறது அவனுங்களுக்குப் பழக்கம்தானே."

"வாரம் பூரா கிண்டல் பண்ணினவன் நீதானேடா?" என்றார் கஸ்.

"நான் பண்ணலாம். ஊரே சேர்ந்து பண்ணக் கூடாது."

மார்னி அழுதுகொண்டே சிரித்துவிட்டாள். கஸ்ஸும் நோட்டீஸைக் கிழித்துப் போட்டார். நெஞ்சிலிருந்து பாறாங்கல்லை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. சாவியை டெல்மர் பக்கம் தள்ளிவிட்டுக் கூடத்துக்கு வந்தார்.

"என்ன கஸ், கொட்டகை போச்சா?" நாற்பது பேரும் அவர் வாயையே பார்த்தார்கள்.

"அவன் மேல தப்பு இல்லப்பா. கோடு அழிஞ்சு போய்க் கிடக்கு, யாருக்குமே தெரியாது. பெயின்ட் அடிக்காம விட்டது நான்தான்" என்றார், போன செவ்வாய்க்கிழமை முழுவதும் முட்டி தேய மண்டியிட்டு அதற்குப் பெயின்ட் அடித்திருந்த கஸ்.