தெருவின் தூக்கம்

மாத்திரை அட்டைகளை நான் பையிலிருந்து எடுப்பதற்குள் அந்த வீட்டு மாமியார் கும்பிட்டுவிட்டாள்.

"நீங்க நல்லா இருக்கணும் நர்ஸம்மா. நாலு மாசமா இந்த வீட்ல ஒரு சத்தம் இல்ல."

நான் நர்ஸ் இல்லை. மாதம் ஒருமுறை வரும் மனநல வண்டியில் தொற்றிக்கொண்டு வந்து, வீடு வீடாக ஏறி இறங்கி, மாத்திரை கொடுத்து, இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போகிறவள். ஆனாலும் யாராவது கும்பிட்டால் கொஞ்சம் இனிக்கத்தான் செய்கிறது.

பக்கத்து வீட்டுக்காரியும் வாசற்படியில் வந்து உட்கார்ந்துவிட்டாள். நான் இந்தத் தெருவில் தலையைக் காட்டினால் போதும், அவளும் வந்துவிடுவாள். எங்கள் ஆபீசுக்கு முதலில் போன் செய்ததே அவள்தான். பக்கத்து வீட்டில் பெண்டாட்டியைப் போட்டு அடிக்கிறான் என்று சொல்லவில்லை. சத்தத்தில் தூங்க முடியவில்லை என்றாள்.

அன்றைக்கே எனக்குக் கோபம் வந்தது. எப்படியோ போன் செய்தாளே என்று விழுங்கிக்கொண்டேன்.

என்னிடம் மாத்திரை வாங்குகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் ஈ எறும்புக்குக்கூடத் தீங்கு நினைக்காதவர்கள். இந்த வீட்டு மகன் வேறு மாதிரி. இவனுக்குப் பெண்டாட்டி மேல் சந்தேகம். பால்காரன், மீட்டர் பார்க்க வருகிறவன், அவள் கூடப்பிறந்த தம்பி என்று ஒருவரையும் விட்டுவைக்கவில்லை. டாக்டர் அதை நோய் என்று சொல்லி இராத்திரிக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

அவன் விழுங்கும்வரை பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்கிற பொறுப்பை மாமியார் ஏற்றுக்கொண்டாள். குடும்பமும் ஊரும் கை கொடுத்தால்தான் மனசு குணமாகும் என்று எங்களுக்குப் பயிற்சியில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். வண்டியின் பக்கவாட்டிலும் அதையே பெரிதாக எழுதி வைத்திருக்கிறார்கள்.

மகன் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு பழைய செல்போனைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தான். கடுகு மாதிரி ஸ்க்ரூ. அதை விரல் நுனியில் எடுத்து, ஓட்டையில் வைத்து, ஒரே மூச்சில் திருகி முடித்தான்.

கை துளியும் நடுங்கவில்லை.

இதே மாத்திரையைச் சாப்பிடும் ஆட்களை நான் எத்தனையோ வீடுகளில் பார்த்திருக்கிறேன். கை கொஞ்சமாவது நடுங்கும். பேச்சு இழுக்கும். பகலிலும் கண் சொக்கும்.

"தூக்கமெல்லாம் எப்படி இருக்கு தம்பி?" என்று கேட்டேன்.

அவன் என் பக்கம் திரும்பவே இல்லை. சமையலறையைப் பார்த்துக் கத்தினான்.

"டீ கொண்டார இவ்வளவு நேரமா? ஜன்னல்ல எவனப் பாத்துட்டு நிக்கிற?"

நோய் இருந்த இடத்திலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது.

மருமகள் டீயோடு வந்தாள். போன தடவைகளில் எல்லாம் நான் வரும்போது அவள் தூங்குகிறாள் என்று மாமியார் சொல்லிவிடுவாள். தட்டில் டம்ளர் கடகடவென்று ஆடியது. பாதி டீ தட்டில்தான் இருந்தது. உதட்டோரம் எச்சில் வழிந்து தாடைக்கு வந்திருந்தது. அது அவளுக்குத் தெரியவில்லை.

முழங்கைக்கு மேலே புதிதும் பழையதுமாகக் கன்றிப்போயிருந்தது.

கையிலிருந்த அட்டையை மாமியார் முன்னால் நீட்டினேன்.

"அம்மா, அந்த மாத்திரைய யாருக்குக் குடுக்கறீங்க?"

மாமியார் திருதிருவென்று விழிப்பாள், மழுப்புவாள் என்று நினைத்தேன். அவள் கத்திரிக்காய் விலை சொல்கிற மாதிரி சொன்னாள்.

"அவன் எங்க முழுங்கறான்? எம் மூஞ்சிலயே துப்பறான். இவதான் சொன்ன பேச்சு கேக்கற பிள்ள. சத்து மாத்திரைன்னு சொல்லிக் குடுத்தேன், வாங்கிப் போட்டுக்கிட்டா. இப்பெல்லாம் அடி விழுந்தாலும் அசங்காம கெடக்கறா. கத்தறதுக்கு ஆளில்லன்னா அவனும் எவ்வளவு நேரந்தான் அடிப்பான்?"

மருமகள் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள். மகன் அடுத்த ஸ்க்ரூவைத் தேடிக்கொண்டிருந்தான். யாருடைய முகத்திலும் ஒரு சின்னக் கூச்சம்கூட இல்லை. இந்த வீட்டின் காற்றை மூக்கில் இழுக்கவே அருவருப்பாக இருந்தது. அந்த டீயை நான் தொடவில்லை.

அட்டைகளை எல்லாம் திரும்பப் பையில் போட்டு ஜிப்பை இழுத்து மூடினேன். மருமகளின் கையைப் பிடித்தேன்.

"வாம்மா. டாக்டர் வண்டிலதான் இருக்காரு. இப்பவே போய்ப் பாத்துரலாம்."

அவன் அப்போதுதான் தலையைத் தூக்கினான்.

"ஆம்பள டாக்டரா?"

நான் அவளை அணைத்துப் பிடித்துக்கொண்டேன். அவள் உடம்பு முழுக்க என் தோளில் சாய்ந்திருந்தது. செருப்பு போடக்கூட அவளுக்குக் கால் சொன்னபடி கேட்கவில்லை. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, பின்னால் அவன் நாற்காலியைத் தள்ளுகிற சத்தத்தைக் கேட்டபடியே அவளை வாசல்வரை நடத்திக்கொண்டு வந்தேன்.

பக்கத்து வீட்டுக்காரி எழுந்து வழிவிட்டாள். வழிவிட்டதோடு நிற்காமல் மருமகளின் மறுகையையும் தாங்கிக்கொண்டாள். வாயோரத்து எச்சிலைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டாள். நல்லவேளை, இந்தத் தெருவில் மனுஷி என்று ஒருத்தியாவது இருக்கிறாளே என்று நினைத்துக்கொண்டேன்.

அவள் என் காதருகே குனிந்தாள்.

"எங்க வேணா கூட்டிட்டுப் போங்க நர்ஸம்மா. இவளுக்கு அந்த மாத்திரைய மட்டும் நிறுத்திடாதீங்க. எங்க பசங்களுக்குப் பரீட்சை முடியட்டும்."