ஒன்றை அழுத்தவும்

"அப்ப நான் ரெண்டாம் நம்பரோ? என்னைப் பார்த்தா ரெண்டாம் நம்பர் மாதிரியோ கிடக்கு?" எட்வேட் கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பினார்.

ஒஸ்லோவில் தமிழர் வீட்டு விழாக்களுக்குச் சமைத்துக் கொடுக்கும் நிறுவனம் அது. முதலாளிகள் மூன்று பேர்: எட்வேட், மகேசன், குணசிங்கம். மூவரில் ஒருவருக்கும் சமைக்கத் தெரியாது.

பெரிய கொம்பனிகளில் இருப்பதுபோல ஒரு தொலைபேசி ஏற்பாடு வேண்டுமென்று, கொம்பியூட்டர் படித்த சாருகாவைக் கூப்பிட்டிருந்தார்கள். யாரும் இலவசமாக எடுத்துத் தங்கள் விருப்பத்துக்கு மாற்றிக்கொள்ளக்கூடிய திறந்த மூல மென்பொருள் ஒன்றைப் பழைய கணினியில் போட்டு, இணையம் வழியாக அழைப்புகள் வரும்படி அவளும் செய்துவிட்டாள். அழைப்பவர்கள் யாருக்கு எந்த எண்ணை அழுத்துவது என்பதுதான் மிச்சம்.

"மாமா, ஓடர் குடுக்க ஒண்டு, கணக்குக் கதைக்க ரெண்டு எண்டு வைப்பம்" என்றாள் சாருகா.

"ஓடரையும் கணக்கையும் ஆர் கேட்டது? எட்வேட்டோடை கதைக்க ஒண்டு எண்டு வை, பிள்ளை."

"கொம்பனியைத் துவங்கினது நான்" என்றார் மகேசன்.

"வயசுல மூத்தவன் நான்" என்றார் குணசிங்கம். "மட்டக்களப்பான் எண்டதுக்காக என்னைக் கடைசியில போடுவீங்களோ?"

மூவரும் முன்பு ஒரே சங்கத்தில் இருந்து, அதை மூன்றாக உடைத்த அனுபவசாலிகள். சாருகாவுக்கு அது தெரியும்.

எட்வேட்டைத் தனியே கூப்பிட்டாள். "நீங்கள்தான் மாமா ஒண்டு. மற்ற ரெண்டு பேருக்கும் சொல்லிப்போடாதேங்கோ."

பிறகு மகேசனையும் தனியே கூப்பிட்டாள். அதையே சொன்னாள். குணசிங்கத்திடமும் அதே கதை. பொய்க்கும் ஒரு அளவு வேண்டாமா?

மூவரும் ஆளுக்கொரு வரவேற்புரையைப் பதிவு செய்தார்கள். எட்வேட்டின் பேச்சு கோயில் பிரசங்கம்போல நீண்டது. மகேசன் மங்கள விளக்கேற்றியவர்களுக்கெல்லாம் நன்றி சொன்னார். குணசிங்கம் தேவாரத்தோடு துவங்கினார்.

ஒரு கிழமை கழித்து எட்வேட் வீட்டிலிருந்து நிறுவனத்துக்கு அடித்துப் பார்த்தார். "எட்வேட்டோடு கதைக்க ஒன்றை அழுத்தவும்" என்று அவருடைய குரலே சொன்னது. நம்பிக்கை வராமல் மனைவியின் போனிலும் அடித்தார். அதிலும் அதுவே. மற்ற இரண்டு வீடுகளிலும் அன்று இதே சந்தோசம்தான்.

முதல்நன்மை, சாமத்தியச் சடங்கு, பிறந்தநாள் என்று ஓடர்கள் வந்து குவிந்தன. சமையலறைப் பலகையில் எல்லாம் ஒழுங்காக எழுதப்பட்டிருந்தன. யார் எழுதுகிறார்கள் என்று முதலாளிகள் ஒருவரும் கேட்கவில்லை. அவ்வளவு பெரிய ஆட்கள்.

"ஒண்டை அழுத்தி ஒருத்தரும் உங்களோடை கதைக்கேல்லையே?" என்று எட்வேட்டின் மனைவி ஒருநாள் கேட்டார்.

"என்ரை குரலைக் கேட்டவுடனை சனத்துக்குத் திருப்தி வந்திடுது. பிறகேன் என்னைக் கரைச்சல்படுத்தப்போகுது?"

அந்த மாதக் கூட்டத்தில் ஒரேயொரு விசயம் இருந்தது. விமலாதேவியை வேலையிலிருந்து நிற்பாட்டுவது.

முன்பு போன் எடுத்தவள் அவள்தான். மிஷின் வந்ததும் பாத்திரம் கழுவ விட்டிருந்தார்கள். ஐம்பது வயதைத் தாண்டியவளுக்கு வேறு வேலை லேசில் கிடைக்காது. சமையலறை வாசலில் ஈரக் கையோடு வந்து நின்றாள்.

"பாத்திரம் கழுவேக்கையும் உமக்குப் போன் காதிலைதான்" என்றார் மகேசன். "வேலை நேரத்திலை சொந்தக்காரரோடை ஊர்க்கதை. இந்த மாதத்தோடை காணும்."

"அண்ணை, அது சொந்தக்காரர் இல்லை..."

"காரணம் சொல்ல வேண்டாம்!"

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"மிஷின் இருக்கேக்கை ஆள் என்னத்துக்கு?" என்றார் எட்வேட். "இவ்வளவு ஓடரும் என்ரை குரலுக்குத்தான் வந்தது. கேளுங்கோ."

தன் போனில் ஒலிபெருக்கியைப் போட்டு நிறுவனத்துக்கு அடித்துக் காட்டினார். எட்வேட்டுக்கு ஒன்று.

"பொய்!" மகேசன் தன் போனில் அடித்தார். மகேசனுக்கு ஒன்று.

குணசிங்கம் அடித்தார். தேவாரம் முடிந்ததும், குணசிங்கத்துக்கு ஒன்று.

அதற்குப் பிறகு அது ஒரு கூட்டமாக இருக்கவில்லை. சங்கம் உடைந்த அன்று பேசிய பேச்சுகளெல்லாம் திரும்பவும் வெளியே வந்தன. கடைசியில் குணசிங்கம் சாருகாவுக்கு அடித்து, எல்லோருக்கும் கேட்கும்படி போனை மேசையில் வைத்தார்.

"தங்கச்சி, உண்மையைச் சொல்லுங்க. வெளிச்சனம் அடிச்சா எங்கட மூணு பேரில ஆருடைய குரல் கேக்குது?"

மறுமுனையில் சாருகா ஒளிக்காமல் சொன்னாள்.

"ஒருத்தற்றையும் இல்லை, மாமா. முதல் ரெண்டு நாள் உங்கடை பேச்சுகளைச் சனத்துக்கும் போட்டனான். ஒருத்தரும் முடியுமட்டும் கேக்கேல்லை, வைச்சிட்டுப் போட்டினம். அதாலை உங்கடை மூண்டு வீட்டு ஆக்களின்ரை போன் நம்பருகளுக்கு மட்டும்தான் அவரவற்றை குரலை விட்டிருக்கிறன்."

"அப்ப மற்ற ஆக்களுக்கு?"

சமையலறையில் போன் மணி அடித்தது. விமலாதேவி எடுக்கப் பயந்து மகேசனின் முகத்தைப் பார்த்தாள்.

"அங்கை அடிக்குதே, அந்தப் போனுக்குத்தான் எல்லாரும் வருவினம்" என்றாள் சாருகா. "விமலா அன்ரியைக் கெதியா எடுக்கச் சொல்லுங்கோ மாமா, உங்கடை ஓடர் போகப்போகுது."