ஆய்வேட்டுக்கு ஒரு பெயர்

திருவரங்குளம் பஞ்சர் கடையில் வெயில் தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கி ஆடுகிறது. இளஞ்சிறார் குற்றங்களை முனைவர் பட்டத்துக்கு ஆராயும் ஜனனிக்கு இன்னும் ஒரே ஒரு சம்மதக் கையெழுத்து வேண்டும்; கடைக்காரன் கோபிநாத் மறுத்தால் நாலு வருட உழைப்பு அந்தரத்தில் நிற்கும். பதினாறு வயதில் கூர்நோக்கு இல்லத்தில் இருந்தவன் அவன். ஊர் சொல்வதைப் பார்த்தால், அவன் திருடிய கோழிகளை வரிசையாக நிறுத்தினால் சித்தன்னவாசலில் போய் முடியும். குகைக்குள் நாலைந்து முட்டையும் இட்டிருக்கும். உண்மையில் ஒரே கோழி, அதுவும் கிழடு. "எம் பேரு வருமாக்கா?" "வராது தம்பி, வேற பேருதான் போடணும். நீங்களே ஒண்ணு சொல்லுங்க." அவன் டியூபைத் தண்ணீரில் அமுக்கி, கொப்புளம் கிளம்பும் இடத்தை விரலால் அடைத்துக்கொண்டு யோசிக்கிறான். "சுந்தரேசன்னு போடுங்க." "யாரு அது?" "கோழிக்குச் சொந்தக்காரருங்க. ஒங்க புத்தகத்துலயாவது அவரு கொஞ்ச நாள் உள்ள இருக்கட்டும்" என்றபடி, ஈரக் கையை லுங்கியில் துடைத்துவிட்டு நிதானமாகக் கையெழுத்துப் போடுகிறான்.