எழுபத்து நான்கு டிகிரி

"ரெண்டு காலையும் சேத்துக் கட்டிட்டேனுங்க. கதவுக்கு அடியில துண்டு சொருகியாச்சா?" லீலா கிசுகிசுத்தாள்.

"சொருகியாச்சு. ஜன்னலும் சாத்திட்டேன். நீ சத்தம் போடாம சும்னிரு" என்றான் அவள் கணவன் பாலன்.

கொலை என்று பதற வேண்டாம். கட்டப்பட்டது ஒரு முழுக்கோழி. கடையிலேயே உரிக்கப்பட்டு, பாலனின் கம்பெனிப் பைக்குள் டிபன் பாக்ஸோடு டிபன் பாக்ஸாக மாடியேறி வந்திருந்தது.

ஆனால் பயம் என்னவோ கொலைக்கு உண்டான பயம்தான். விஜயநகரில் இந்த மாடி வீடு கிடைப்பதற்குள் பதினோரு வாசலில் 'என்ன சாப்பிடுவீங்க?' என்று கேட்டுத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். கீழ் வீட்டில் இருக்கும் ஓனர் பராசரனும் முதல் நாளே விரலை நீட்டிச் சொல்லிவிட்டார். "முட்டை ஓடு என் கண்ணுல பட்டாக்கூட அன்னிக்கே காலி பண்ணிடணும்."

கொள்ளேகாலில் பிறந்து வளர்ந்த லீலாவுக்கு இப்போது ஏழாவது மாதம். மூன்று வாரமாகக் கோழி ஆசை. ஹோட்டல் பக்கமே போகக் கூடாது, வீட்டில் சமைத்தாலும் கறி நன்றாக வெந்திருக்க வேண்டும் என்று டாக்டரம்மா கறாராகச் சொல்லியிருந்தார். மாட்டிக்கொண்டால் இந்த வயிற்றோடு பதிமூன்றாவது வாசலில் போய் நிற்க வேண்டும்.

அன்று ஞாயிற்றுக்கிழமை, தோதான நாள். மோப்பம் பிடிப்பதில் கெட்டிக்காரியான பராசரனின் மனைவி லக்ஷ்மம்மா காலையிலேயே மேல்கோட்டைக் கோயிலுக்குக் கிளம்பிவிட்டார். கீழ் வீட்டு ஜன்னல்களும் அப்போதிருந்து சாத்தியே கிடந்தன. 'மனுஷர் தூங்குகிறார், நம் அதிர்ஷ்டம்' என்று பாலன் நினைத்துக்கொண்டான்.

அவன் திட்டம் பக்கா. மசாலா கிடையாது, உப்பும் மிளகும் மட்டும். ஓவனைத் திறந்தால் வாசனை கிளம்பும் என்பதால், திறக்காமலே வேக்காடு பார்க்க ஆன்லைனில் மலிவாக ஒரு ஒயர்லெஸ் தெர்மாமீட்டர் வாங்கியிருந்தான். அதன் கம்பியைக் கோழியின் நெஞ்சில் குத்திவிட்டால் உள்சூடு போனில் தெரியும். எழுபத்து நான்கு டிகிரி வந்தால் வெந்துவிட்டது என்று அர்த்தம்.

கோழியை ஓவனில் வைத்த ஐந்தே நிமிடத்தில் போன் ஐம்பத்தெட்டு காட்டியது.

"அதுக்குள்ளயா?" என்றாள் லீலா.

"ஓவன் புதுசில்ல, அதான்."

பதினைந்தாவது நிமிடம் எழுபத்து நான்கு வந்து மணியும் அடித்தது. பாலன் ஓவனைத் திறந்து, கோழியை வெளியே எடுத்துக் கத்தியால் கீறினான். உள்ளே பச்சைக் கறி. சிவப்பாகத் தண்ணீர் வேறு வடிந்தது. வாசனை மட்டும் தாராளமாக வீடு முழுக்கப் பரவியது.

"இதை நம்பித் தின்னிருந்தா என்னங்க ஆகியிருக்கும்?" லீலாவின் கை வயிற்றுக்குப் போனது. அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

பாலன் கம்பியைப் பிடுங்கிப் பச்சைத் தண்ணீர்ச் சொம்பில் போட்டான். நியாயமாக எண் இறங்க வேண்டும். எண்பத்தொன்று என்றது போன். சற்று நேரத்தில் எண்பத்து நான்கு என்றது.

"கொழாத் தண்ணிக்கு எம்பத்தி நாலாம்! சீப்பா கெடைக்குதேன்னு வாங்கினா நம்ம தலையில மொளகா அரைச்சிருக்கானுங்க" என்று பல்லைக் கடித்தான்.

காலிங் பெல் அடித்தது.

"பாலன்! கதவத் திற!" பராசரனின் குரல்.

லீலா கோழியைத் தூக்கிக்கொண்டு தவித்தாள். வாஷிங் மெஷினுக்குள் வைக்கலாமா என்றுகூடப் பார்த்தாள். பெல் விடாமல் அடித்ததில் மறுபடியும் மேடையிலேயே வைத்துவிட்டாள்.

தாழ்ப்பாளை நீக்கியதுமே பராசரன் கதவைத் தள்ளிக்கொண்டு நேரே சமையலறைக்குள் வந்தார். வேர்த்து விறுவிறுத்திருந்தார். ஒரு கையில் போனை இறுக்கிப் பிடித்திருந்தார். கோழியைப் பார்த்தார். பக்கத்தில் சொம்பையும் அதில் நின்ற கம்பியையும் பார்த்தார், பிறகு தன் போனையும்.

"தப்புதான் சார். மாசமா இருக்கறவ ஆசைப்பட்டுட்டா. பிரசவம் வரைக்கும் மட்டும் விட்டுடுங்க சார், அப்புறம் நாங்களே காலி பண்ணிடறோம்." பாலன் கையைக் கூப்பினான். லீலா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பராசரன் விறுவிறுவென்று வாசலுக்குப் போய்க் கதவைச் சாத்தினார். தரையில் கிடந்த துண்டை எடுத்து அவரே கதவுக்கு அடியில் சொருகினார்.

"சும்னிரப்பா, கத்தாதே. லக்ஷ்மம்மா பஸ்ஸ விட்டு எறங்கிட்டாளாம்" என்றார் மூச்சு வாங்க. "என் போன் இருபத்திரண்டு டிகிரிங்கறது, கீழ என்னடான்னா ஒரே பொகை. உன் போன்ல என் கோழி எத்தன டிகிரி, சீக்கிரம் சொல்லு!"