காளைத்தலைக்குள் இரண்டு கண்கள்

அட்டையில் செய்த கோட்டைச் சுவர்களுக்கு நடுவே, காளைத்தலை மாட்டிய ஸ்டண்ட்காரர் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறார். கிரேக்க வீரனின் வாளுக்கு இன்று சாக வேண்டிய அரக்கன் அவர்தான். தலையைக் கழற்றினால் மறுபடி ஒட்ட ஒரு மணி நேரமாகும் என்பதால், அவர் மனைவி மூக்குத் துளை வழியே ஸ்ட்ராவை நுழைத்து ஜூஸ் கொடுக்கிறாள். “மெதுவா உறிஞ்சுங்க, புரையேறப் போகுது.” “இருபது வருஷமா அடி வாங்கி விழறேன். ஒரு படத்துலயாவது என் மூஞ்சி தெரிஞ்சுதா?” குரல் குடத்துக்குள்ளிருந்து வருவதுபோல் வருகிறது. அவள் ஜூஸைக் கீழே வைத்துவிட்டு நேரே டைரக்டரிடம் போகிறாள். “சார், சாகுற ஷாட்டுல மட்டும் அந்தக் கண்ணாடி முழியை எடுத்துடுங்க. அவர் கண்ணாவது தெரியட்டும்.” “மாட்டுக்கு மனுஷக் கண்ணாம்மா?” என்று சிரிக்கிறார் டைரக்டர். “சரி, ஒரே ஒரு டேக்.”

விளக்குகள் எரிகின்றன. ஹீரோ வாளை ஓங்குகிறான். தரையில் கிடக்கும் காளை முகத்திலிருந்து, வியர்வையில் சிவந்த இரண்டு கண்கள் அவனை நிமிர்ந்து பார்க்கின்றன. வாள் அந்தரத்திலேயே நிற்கிறது. பேச வேண்டிய வசனம் அவனுக்கு வரவில்லை. கட் சொல்ல வாயெடுத்த டைரக்டர், சொல்லாமல், கேமராமேனின் தோளைத் தொட்டு, இன்னும் கிட்டே போகச் சொல்லிச் சைகை காட்டுகிறார்.