டேப் சுற்றாத மூட்டு

மறுநாள் பழைய கார்களுக்கான பந்தயம். அக்கா பானெட்டுக்குள் தலையை விட்டு, பெட்ரோல் பம்பில் ஒரு பித்தளை இணைப்பைப் பொருத்திப் பார்த்தாள். பாதியிலேயே இறுகியது. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறொன்றை எடுத்தாள்.

"ஸ்பானர் போட்டுத் திருகினா தானா ஏறிட்டுப் போகுது" என்றான் தம்பி, ஸ்டூலில் உட்கார்ந்து காலை ஆட்டியபடி.

"கையால லேசா ஏறலைன்னா திருகு மரை வேறன்னு அர்த்தம்டா. முரட்டுத்தனமா ஏத்தினா பம்பே போயிடும்."

"சரி, டேப்பையாவது சுத்து. கசியாது."

"இது வாய் விரிச்ச குழாய். பித்தளையில நேரா உக்காந்தாதான் அடைக்கும். டேப் சுத்தினா அதோட பிசிறு கார்புரேட்டரைத்தான் அடைக்கும்."

"நீ எவ்வளவு மெனக்கெட்டு என்ன? நாளைக்குக் கோப்பை எனக்குத்தான். போன வருஷம் நீ ஜெயிச்சது குருட்டு அதிர்ஷ்டம்னு ஊருக்கே தெரியும்."

"ஊருக்குச் சொன்னதே நீதானே!"

இரண்டாவது இணைப்பு விரலுக்கே வழுக்கிக்கொண்டு ஏறியது. அதில் குழாயை மாட்டி ஸ்பானரால் இறுக்கினாள். இன்ஜினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு அணைத்தாள். மூட்டின் அடியில் காகிதத்தை வைத்து ஒற்றி எடுத்தாள். ஈரமே இல்லை.

"பரவாயில்லையே, ஒரு சொட்டுகூட இல்லை!" தம்பி எட்டிப் பார்த்தான்.

அக்கா சாவியை அவன் மடியில் வீசினாள்.

"உன் வண்டியை எடுத்துட்டுக் கிளம்பு. பம்பு ஒழுகினதாலதான் என்கிட்ட தோத்தேன்னு ஒரு வருஷமா புலம்பினியே... நாளைக்கு என்ன சொல்லிப் புலம்பப்போறேன்னு இப்பவே யோசிச்சு வை!"