தாழ்த்திப் போட்ட படி

"ஏறு மச்சான், பாதிக்கு மேல வந்துட்ட! விட்றாத!" என்று கீழே நின்று கத்தினான் இருளப்பன்.

முருகையா படியைப் பிடித்துப் பிடித்து ஏறினான். மலேரியாவில் விழுந்து எழுந்த உடம்பு. ஆனாலும் வாய் அடங்கவில்லை. "கட்டுறது நீங்க, ஏறுறது நானா? நல்லாயிருக்கு மாமா உங்க ஞாயம்!"

ரப்பர் பாலை வாங்க நாதியில்லாத ஜப்பான்காரன் காலம். மரவள்ளிக்கிழங்கைத் தின்று தின்று தோட்டத்துச் சனங்களுக்குக் கால் வீங்கிக் கிடந்தது.

அப்போதுதான் புதிதாக வந்த ஜப்பான் அதிகாரி உடற்பயிற்சிக்கென்று ஒரு கொட்டகை கட்டச் சொன்னான். உயரமான பலகை மேடை, மேலே அத்தாப்பு ஓலைக் கூரை, எந்தப் பக்கமும் சுவர் இல்லாமல் நல்ல காற்று, முன்னால் நீளமான படி. காலையில் ஏறி இறங்கிக் கை காலை ஆட்டினால் ஆளுக்கு ஒரு டின் அரிசி.

"சுவர் இருந்தால்தானே சித்திரம்" என்று உடற்பயிற்சியை மெச்சினார் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி மனோகரன்.

கரங்கான் பக்கத் தோட்டங்களில் சயாம் காட்டில் ரயில் ரோடு போட ஜப்பான்காரர்கள் ஆள் பிடித்துப் போனார்கள். போனவன் எவனும் திரும்பவில்லை. இங்கே வந்தவன் சோறு போடுகிறானே என்று சனம் கையெடுத்துக் கும்பிட்டது.

கொட்டகையைக் கட்டியது இருளப்பன்தான். மனைவி செல்லாயியின் தம்பி முருகையாவுக்கும் அரிசி கிடைக்க வேண்டும், இல்லாவிட்டால் பிழைக்கமாட்டான் என்று, பலகை கூடுதலாகச் செலவானாலும், ஏற லேசாக இருக்கட்டும் என்று படிகளைத் தாழ்த்தித் தாழ்த்திப் போட்டான்.

இன்றைக்கு என்னவோ, ஏறினவர்களை இறங்கவிடவில்லை. மூச்சு வாங்கி நடுவில் உட்கார்ந்தவர்களைச் சிப்பாய்கள் லயத்து வீடுகளுக்கு விரட்டினார்கள்.

மேலே நிற்கிறவனுக்குத்தான் இனி அரிசி போலிருக்கிறது என்று இருளப்பனுக்குப் பட்டது. அதனால்தான் தொண்டை கிழியக் கத்தினான்.

முருகையா கடைசிப் படியையும் ஏறி நிமிர்ந்தான்.

அதிகாரி அவன் நெஞ்சில் கை வைத்துப் பார்த்தான். தலையாட்டினான்.

கொட்டகைக்குப் பின்னால் ஏதோ உறுமியது.

மேடையின் உயரத்தை மட்டும் அதிகாரியே கோல் வைத்து அளந்து கொடுத்திருந்தான். எதற்கு அந்த உயரம் என்று யாரும் கேட்கவில்லை.

லாரி பின்னோக்கி வந்து மேடையை ஒட்டி நின்றது. பின்கதவு சங்கிலியோடு விழுந்தது.

மேடைப் பலகையும் லாரிப் பலகையும் ஒரே மட்டம்.

முருகையா காலைத் தூக்கி வைக்க வேண்டியிருக்கவில்லை. நடந்தே உள்ளே போனான்.